காபன் கணக்கும் கடைக்கோடி வழங்குநரும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு ஒருவகையிற் கணக்கேடுகளின் வரலாறாகும். வந்த கப்பல்கள், இறங்கிய சரக்கு, ஏற்றப்பட்ட எரிபொருள் என்பன யாவும் ஒல்லாந்தர் காலந்தொட்டு எவராலோ எண்ணப்பட்டும் எழுதப்பட்டும் வந்துள்ளன. பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கெனச் சீனக்குடாவை அடுத்து அமைக்கப்பட்ட எண்ணெய்த் தாங்கிகளிற் 99 இன்றும் எண்ணிக்கையில் உள்ளன. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டுவீசிய துறைமுகமும் இதுவே. 2022 ஜனவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கை அத்தாங்கிகளுள் 24 ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 ஐ லங்கா இந்திய எண்ணெய்க் கம்பனிக்கும், 61 ஐ இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்குமெனப் பங்கிட்டது. எண்ணுவதில் என்றுமே குறையிருந்ததில்லை. ஆனால், எண்ணியவரும் ஏட்டை வாசித்தவரும் பெரும்பாலும் வேறிடத்தவர். மூட்டை சுமந்தவர் மட்டுமே இவ்விடத்தவர்.

இன்று இத்துறைமுகப் பிரதேசத்துக்குப் புதியதொரு கணக்கேடு வந்துசேர்ந்திருக்கின்றது. பெருங் கம்பனிகள் தமக்குப் பொருளும் சேவையும் வழங்குவோரிடம் விலையையும் தரத்தையும் மட்டுமன்றி, அப்பொருளை ஆக்கும்போது எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறிற்று என்பதையும் கேட்கத் தொடங்கிவிட்டன. இக்கேள்விக்கு இருவகையான மறுமொழிகள் உடனடியாக எழுகின்றன. ஒரு சாரார், இது மேற்கு நாட்டார் செய்த பாவத்தை ஏழைகளின் தலையிற் கட்டும் சூழ்ச்சி என்கின்றனர். மற்றொரு சாரார், இது பூவுலகைக் காக்கும் புண்ணிய கைங்கரியம்; வினாப் பத்திரத்தை நிரப்பி அனுப்புவதே நாகரிகம் என்கின்றனர். இரண்டுமே தவறானவை. கணக்கு எழுதப்படல் வேண்டும். ஆனால், அது கேட்பவனுக்காக எழுதப்படும் ஏவற் கணக்காக இருத்தலாகாது. எழுதுவோனின் உடைமையாகவும் பேரம் பேசும் கருவியாகவும் அக்கணக்கு அமைதல் வேண்டும். அதற்கான செலவிற் கேட்பவனும் பங்கேற்றல் வேண்டும். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி வரும் வழி

பச்சைவீட்டு வாயுக்களைக் கணக்கிடுவதற்கு இன்று கம்பனிகள் கைக்கொள்ளும் முறையை உலக வளங்கள் நிறுவகமும் நிலைபேறான அபிவிருத்திக்கான உலக வணிகப் பேரவையும் இணைந்து 2001 இல் வெளியிட்டன. அம்முறை ஒரு கம்பனியின் வெளியேற்றத்தை மூன்று வட்டங்களாக வகுக்கின்றது. தனது கொதிகலன்களிலும் வாகனங்களிலும் தானே எரிப்பதால் வெளியேறுவது முதலாம் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரத்தை உற்பத்தி செய்கையில் வெளியேறுவது இரண்டாம் வட்டம். வாங்கும் மூலப்பொருள், பிறர் செய்துதரும் போக்குவரத்து, விற்ற பண்டத்தின் பயன்பாடு முதலாய எஞ்சியன யாவும் மூன்றாம் வட்டம். மூன்றாம் வட்டத்துக்கெனத் தனியானதொரு நியமம் 2011 இல் வெளிவந்தது. அது 15 வகைகளை வரையறுக்கின்றது.

இம்மூன்றாம் வட்டத்தின் இயல்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒருவரது மூன்றாம் வட்டம் மற்றொருவரது முதலாம் வட்டமாகும். ஒரு தொழிற்சாலையின் சரக்கை ஏற்றிச் செல்லும் லொறி எரிக்கும் டீசல், தொழிற்சாலைக்கு மூன்றாம் வட்டம். லொறிச் சொந்தக்காரருக்கு முதலாம் வட்டம். ஆகவே தனது மூன்றாம் வட்டத்தைக் கணக்கிட விரும்பும் பெருங் கம்பனி தன்னளவில் நின்று அதனைச் செய்துமுடிக்க இயலாது. அது வழங்குநரைக் கேட்கின்றது. வழங்குநர் தமது வழங்குநரைக் கேட்கின்றார். கேள்வி படிப்படியாகக் கீழிறங்கி, ஈற்றில் அதை வேறெவரிடமும் தள்ளிவிட முடியாதவரின் மேசையில் வந்து நிற்கின்றது. அவரிடம் மேசைகூட இல்லாதிருத்தலும் உண்டு.

இக்கேள்வி இலங்கைக்கு வெளியிலிருந்து மட்டுமே வருகின்றதெனக் கருதுவதும் பொருந்தாது. சர்வதேச நியமங்களைத் தழுவிய நிலைபேற்று அறிக்கையிடல் நியமங்கள் கொழும்புப் பங்குச் சந்தையின் பெரிய 100 கம்பனிகளுக்கு 2025 ஜனவரி 1 முதற் படிமுறையாக நடைமுறைக்கு வந்துள்ளன. மூன்றாம் வட்டமும் அந்நியமங்களின் பார்வைக்குட்பட்டதே. எனவே ஏற்றுமதியோடு எவ்விதத் தொடர்புமற்ற சிறு வழங்குநரும் உள்நாட்டுக் கொள்வனவாளர் ஒருவரிடமிருந்தே இக்கேள்வியை எதிர்கொள்ளும் காலம் வந்துவிட்டது.

திருகோணமலையில் இச்சங்கிலியின் கண்ணிகள் யாவும் கண்முன்னே கிடக்கின்றன. கோதுமையைக் கப்பலில் இறக்கி மாவாக்கும் பிரிமா ஆலை இங்குண்டு. 1982 இல் நிறுவப்பட்ட டோக்கியோ சீமெந்துக் கம்பனியின் ஆலை, இறக்குமதி செய்யப்பட்ட கிளிங்கரை அரைத்துச் சீமெந்தாக்குகின்றது. கொட்பேயில் மீன்பிடித் துறைமுகம் உண்டு. அதனைச் சார்ந்து படகுகள், ஐஸ் தொழிற்சாலைகள், குளிரறைகள், மீன் ஏற்றும் வாகனங்கள் உண்டு. பேராலைகளுக்கும் பெரு வணிகர்களுக்கும் அறிக்கை எழுத அலுவலர் உளர். லொறிச் சொந்தக்காரருக்கும் ஐஸ் தொழிற்சாலை முதலாளிக்கும் இருப்பவர் ஒரு கணக்கப்பிள்ளை மட்டுமே. அவரும் பலவேளைகளில் முதலாளியின் மைத்துனராகவே இருப்பார்.

மறுப்போரின் வாதம்

முதலாவது சாராரின் வாதத்தில் உண்மையே இல்லையெனக் கூறுதல் நேர்மையன்று. எரிபொருளை எரிப்பதால் இலங்கையர் ஒருவரின் பேரில் ஆண்டொன்றுக்கு வெளியேறும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்கர் ஒருவரின் பேரில் வெளியேறுவது ஏறத்தாழ 14 தொன். நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மொத்தத்தை நோக்கின் இவ்விடைவெளி மேலும் பெருகும். அதிகம் எரித்தவன் குறைவாக எரித்தவனிடம் கணக்குக் கேட்பதில் ஓர் அநீதி உண்டு என்பதை எவரும் மறுக்க முடியாது.

ஆயினும் அநீதியை உணர்தல் வேறு. அதற்குத் தரும் மறுமொழி வேறு. கணக்குத் தர மறுப்பதனால் அநீதி நீங்குவதில்லை. மறுப்பவன் சந்தையிலிருந்து நீங்குகின்றான். இதற்கான சான்றைத் தொலைவிலே தேடவேண்டியதில்லை. சட்டத்துக்குப் புறம்பான, அறிக்கையிடப்படாத மீன்பிடியை இலங்கை போதியளவு கட்டுப்படுத்தவில்லையெனக் காரணங் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. எந்தப் படகு எங்கு சென்றது, எதைப் பிடித்தது என்பதற்கான பதிவும் கண்காணிப்பும் போதாமை அத்தடைக்கான காரணங்களுள் முக்கியமானது. பலநாட் படகுகளிற் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டு, பதிவேடுகளும் சட்டங்களும் சீர்செய்யப்பட்ட பின்னரே 2016 ஜூனில் அது நீங்கிற்று. அந்த இடைக்காலத்தில் ஐரோப்பியச் சந்தையை இழந்தவர்கள், கணக்கு வைத்தவர் வையாதவர் என்ற வேறுபாடின்றி, நாட்டின் மீன் ஏற்றுமதித் துறையினர் அனைவருமாவர். கணக்கில்லாமையின் தண்டனை கூட்டுத் தண்டனையாக வரும் என்பது அன்று கற்கப்பட்ட பாடம்.

காபன் விடயத்திலும் இதே போக்குத் தென்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் சீமெந்து, இரும்பு, உருக்கு, அலுமினியம், பசளை முதலியவற்றின் இறக்குமதிக்கென வகுத்த எல்லைக் காபன் ஏற்பாடு 2023 ஒக்டோபரில் அறிக்கையிடும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உண்மையான அளவைக் காட்ட இயலாத உற்பத்தியாளருக்கு, அவரது நாட்டின் சராசரியோடு ஒரு மேலதிகத்தையும் சேர்த்து அமைத்த பெறுமானம் அதன்கீழ்ச் சாற்றப்படுகின்றது. இவ்விதி திருகோணமலையின் ஐஸ் தொழிற்சாலையையோ லொறியையோ நேரடியாகத் தீண்டுவதில்லை. ஆனால், அது உணர்த்தும் கோட்பாடு யாவருக்கும் பொதுவானது: தன் கணக்கைத் தான் எழுதாதவனுக்குப் பிறர் கணக்கெழுதுவர், அங்ஙனம் எழுதுவோர் அவனுக்குச் சாதகமாக எழுதப் போவதில்லை.

சிறு வழங்குநருக்குக் கணக்கு வைக்கும் திறனில்லை என்ற இரக்கப் பேச்சும் இங்கு எடுபடாது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தின்போது டீசல் லீற்றர் ஒன்றின் விலை 460 ரூபாவரை உயர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் வாகனம் ஒவ்வொன்றுக்கும் கியூ.ஆர். குறியீடு வழங்கப்பட்டுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. வாகனம் ஓட்டிய ஒவ்வொருவரும் தமக்குக் கிடைக்கும் லீற்றரை விரல்விட்டு எண்ணினர். காபன் கணக்கின் பெரும்பகுதி இத்தகைய எண்ணிக்கையே அன்றி வேறில்லை. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். திருகோணமலையிலிருந்து கொழும்புவரை ஏறத்தாழ 260 கிலோமீற்றர். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் லொறியெனக் கொண்டால் 65 லீற்றர். வெளியேற்றம் ஏறத்தாழ 174 கிலோகிராம். சாதாரண தரக் கணிதம் கற்ற ஒருவருக்கு இது இயலாத காரியமன்று.

அதுமட்டுமன்று, கணக்கு அதை எழுதுபவனுக்கே அறிவைத் தருகின்றது. குளிரறைகளிற் பயன்படும் ஆர்-404ஏ என்னும் குளிரூட்டி வாயு ஒரு கிலோகிராம் கசிந்தால், அது ஏறத்தாழ 3,900 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெப்பமூட்டல் விளைவைத் தரும். ஏறத்தாழ 1,460 லீற்றர் டீசலை எரித்ததற்கு அது ஒப்பாகும். கசியும் வாயு காசு கொடுத்து வாங்கியதென்பதையும் மறத்தலாகாது. ஆண்டுக்கு எத்தனை தடவை வாயு நிரப்பப்பட்டது என்பதை எழுதிவைக்கும் குளிரறை முதலாளி, தன் கொள்வனவாளருக்கு முன்பாகத் தனக்கே ஒரு நன்மையைச் செய்துகொள்கின்றார்.

போதிப்போரின் வாதம்

இனி, மற்றச் சாராரை நோக்குதல் தகும். கணக்குக் கேட்பதே காலநிலையைக் காப்பதாகும் என்ற இவர்களது நம்பிக்கை மறுப்போரின் பிடிவாதத்தினும் ஆபத்தானது. ஏனெனில் இதற்கு அதிகாரத்தின் ஆதரவும் நற்பெயரின் மெருகும் உண்டு.

முதலாவதாக, கணக்கெழுதும் செலவு யாருடையது? வினாப் பத்திரத்தை நிரப்புவதற்கு நேரம் வேண்டும், அளவுமானிகள் வேண்டும், கணக்கைச் சரிபார்ப்பவருக்குக் கட்டணம் வேண்டும். மூன்று கொள்வனவாளருக்குப் பொருள் வழங்குபவர் மூன்று வெவ்வேறு பத்திரங்களை, மூன்று வெவ்வேறு வடிவங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், நிரப்பவேண்டியவராகின்றார். கேள்வி மேலிருந்து கீழே பாய்கின்றது. அதற்கான பணம் மட்டும் மேலேயே தேங்கிவிடுகின்றது. பொருளின் விலையோ பழைய விலையே. கோரிக்கை புதிதாகவும் விலை பழையதாகவும் இருக்குமிடத்து, அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எவருடைய கூலியிலிருந்து எடுக்கப்படுகின்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இச்சுமை கற்பனையானதன்று என்பதற்கு ஐரோப்பிய ஆணைக்குழுவே சாட்சி. 2025 பெப்ரவரியில் அது முன்வைத்த திருத்தங்களில், ஆயிரத்துக்கு மேற்படாத பணியாளரைக் கொண்ட வழங்குநரிடம் பெருங் கம்பனிகள் கேட்கக்கூடிய தகவலுக்கு ஒரு வரம்பு விதிக்க வேண்டுமெனக் கூறப்பட்டது. ஆயிரம் பேரைக் கொண்ட தொழிலகத்துக்கே பாதுகாப்பு வேண்டுமெனின், ஆறு பேரைக் கொண்ட ஐஸ் தொழிற்சாலைக்கு எவ்வளவு வேண்டும்?

இரண்டாவதாக, குறைப்பின் புகழ் யாருடையது? அமெரிக்காவின் வால்மார்ட் கம்பனி தன் வழங்குநர் வாயிலாக 2030 ஆம் ஆண்டளவில் நூறு கோடி தொன் பச்சைவீட்டு வாயுவைக் குறைக்கவோ தவிர்க்கவோ செய்யும் திட்டத்தை 2017 இல் அறிவித்தது. 2024 இல் அவ்விலக்குக் காலத்துக்கு முன்பே எட்டப்பட்டதாக அறிவித்தது. அந்த நூறு கோடியும் வழங்குநர்கள் தத்தம் ஆலைகளிலும் வயல்களிலும் செய்ததாக அறிக்கையிட்டவற்றின் கூட்டுத்தொகையாகும். அறிவிப்பின் தலைப்பிலோ கொள்வனவாளரின் பெயரே பொறிக்கப்பட்டது. விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன் என்ற பழைய கதை இங்குப் புதிய எண்களிற் சொல்லப்படுகின்றது.

மூன்றாவதாக, வழங்குநரின் எண்களில் அவரது ஆளுகைக்குட்பட்ட பகுதி எவ்வளவு? இதுவே வாதத்தின் மையமாகும். ஐஸ் தொழிற்சாலையின் பெருஞ்செலவு மின்சாரம். அம்மின்சாரம் நாட்டின் பொது மின்தொகுதியிலிருந்து வருகின்றது. மலையகத்து நீர்த்தேக்கங்களில் மழை பொழியும் ஆண்டில் நீர்மின் பெருகுகின்றது. மழை பொய்க்கும் ஆண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரிகின்றன. நுரைச்சோலையில் 900 மெகாவாற் கொள்ளளவுடைய நிலக்கரி நிலையம் அண்மைய ஆண்டுகளில் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை வழங்கி வந்துள்ளது. ஆகவே திருகோணமலையில் ஒரே இயந்திரத்தை, ஒரே அளவு நேரம் ஓட்டி, ஒரே அளவு ஐஸ் செய்பவர், மவுசாக்கலையில் மழை பெய்த ஆண்டில் நல்லவராகவும் பெய்யாத ஆண்டிற் கெட்டவராகவும் அறிக்கையிற் காட்சியளிப்பார். வானம் செய்த குற்றத்துக்கு அவர் விளக்கக் கடிதம் எழுதவேண்டும்.

லொறியின் கதையும் இத்தகையதே. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற லொறி வெறுமையாகத் திரும்பினால், ஒரு பயணத்தின் 174 கிலோகிராம் இரட்டித்து 348 ஐ அணுகும். (வெறுமையாக ஓடும்போது டீசல் சற்றுக் குறையுமென்பது உண்மையே.) திரும்புகாற் சரக்குக் கிடைப்பதும் கிடையாததும் யாருடைய கையில் உண்டு? கொள்வனவாளர் இன்று மாலை கட்டளையிட்டு நாளைக் காலை சரக்குக் கேட்கின்றார். லொறி அரைச் சுமையோடு புறப்படுகின்றது. அவரது களஞ்சிய வாயிலில் இறக்குவதற்கு வரிசையில் நிற்கையில் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கின்றது. சீனக்குடா வழியாகச் செல்லும் இருப்புப்பாதை துறைமுகத்தைக் கொழும்போடு இணைக்கின்றது. புகையிரதத்திற் சரக்கு அனுப்பினால் தொன்னொன்றுக்கான வெளியேற்றம் வெகுவாகக் குறையும். ஆனால் புகையிரதமா லொறியா என்பதை முடிவு செய்பவர் லொறிச் சொந்தக்காரர் அல்லர். கொள்வனவாளரின் அவசரமும் அரசின் புறக்கணிப்பும் சேர்ந்து உண்டாக்கிய புகை, லொறிச் சொந்தக்காரரின் பேரிற் பதியப்படுகின்றது.

கணக்கில் வராதவை

கணக்கு எதை எழுதுகின்றது என்பதைப் போலவே எதை எழுதாது விடுகின்றது என்பதும் ஆராயத்தக்கது.

சீமெந்தை எடுத்துக்கொள்ளலாம். சுண்ணக்கல்லைச் சூளையிற் சுட்டுக் கிளிங்கராக்கும்போதே சீமெந்தின் காபனிற் பெரும்பகுதி வெளியேறுகின்றது; எரிபொருளின் புகை ஒரு பங்கு, கல்லிலிருந்தே பிரியும் வாயு அதனினும் பெரிய பங்கு. திருகோணமலை ஆலை கிளிங்கரை இறக்குமதி செய்து அரைப்பதால் அச்சூளைப் புகை இலங்கையின் வானிற் கலப்பதில்லை. கிளிங்கர் சுடப்பட்ட நாட்டின் வானிற் கலக்கின்றது. முதலாம் வட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு அரைக்கும் ஆலை தூயதாகத் தோன்றும். மூன்றாம் வட்டத்தைப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது. மூன்றாம் வட்டக் கணக்கு முற்றிலும் வீணென்று கூறுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். ஈண்டு கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பது திருகோணமலையே. மறுமொழி கூறவேண்டியவர் கடலுக்கப்பால் உள்ளார். எனவே இது மேற்கினர் கிழக்கினரைக் கேட்கும் கேள்வி என்ற எளிய சூத்திரத்துள் அடங்குவதன்று.

அதே ஆலை 2008 முதல் 10 மெகாவாற் உயிர்த்திணிவு மின்நிலையம் ஒன்றை இயக்கி வந்துள்ளது. அதன் எரிபொருளுள் முக்கியமானது சீமைக்கிளுவை எனப்படும் கிளிரிசிடியா விறகு. வேலியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் வளர்ந்து, வெட்ட வெட்டத் தளிர்க்கும் இம்மரத்தின் புகை, மரம் மீண்டும் வளருமென்ற அடிப்படையில் மூன்று வட்டங்களுக்கும் புறம்பாகத் தனியே காட்டப்படுகின்றது. இதனால் ஆலையின் எண் குறைகின்றது. ஆலையிடம் சீமெந்து வாங்கும் கட்டடக் கம்பனியின் எண்ணும் குறைகின்றது. இது போற்றத்தக்க மாற்றமே. எனினும் மரத்தை நட்டு வெட்டிச் சுமந்து வருபவருக்கு எஞ்சுவது யாது? விறகின் நிறைக்கேற்ற விலை. அவரது உழைப்பாற் குறைந்த காபனுக்கு அறிக்கையில் ஒரு நிரல் உண்டு. அவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

சம்பூரின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2006 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் நிலப்பகுதியில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைப்பதற்கு இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் உடன்பட்டன. மக்கள் ஆண்டுக்கணக்காக முகாம்களிற் கிடந்தனர். எதிர்ப்பின் பின்னர் அந்நிலக்கரித் திட்டம் 2016 இற் கைவிடப்பட்டது. இன்று அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத் திட்டம் இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டுள்ளது. நிலக்கரியிலும் சூரியன் மேலானது என்பதில் ஐயமில்லை. அந்த மின்சாரம் தொகுதியிற் சேருங்கால் ஐஸ் தொழிற்சாலையின் எண்ணும் சிறிது குறையும். ஆனால் அந்த நிலம் கைமாறிய வரலாறு எந்த வட்டத்தில் எழுதப்படும்? 15 வகைகளுள் அதற்கு ஒரு வகை இல்லை. தொன்னில் அளக்க முடியாததை அறிக்கை அறியாது. காபன் கணக்கை அறத்தின் முழுக் கணக்கெனக் கொள்வோர் இவ்விடத்தே தடுமாறுவர்.

செய்யத்தக்கன

குறை கூறுதல் எளிது. வழி கூறாத குறை வெறும் புலம்பல். திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தின் சிறு வழங்குநர் முன்னுள்ள வழி மூன்று கூறுகளைக் கொண்டது.

முதலாவது, கணக்கு கூட்டாக எழுதப்படல் வேண்டும். தனியொரு படகுச் சொந்தக்காரருக்கோ லொறிச் சொந்தக்காரருக்கோ ஒரு சரிபார்ப்பாளரை அமர்த்த இயலாது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் லொறிச் சொந்தக்காரர் சங்கங்களும் ஒரே படிவத்தில், தமிழிலும் சிங்களத்திலும், டீசல் லீற்றர், மின் அலகு, குளிரூட்டி வாயு, ஓடிய தூரம், ஏற்றிய சுமை என்ற ஐந்தை மட்டும் மாதந்தோறும் பதியலாம். எந்தக் கொள்வனவாளர் எந்த வடிவிற் கேட்பினும் அவ்வைந்திலிருந்தே மறுமொழியின் பெரும்பகுதியை ஆக்கலாம். நிலாவெளிப் பக்கத்துக் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இதற்குக் கைகொடுக்கக்கூடிய நிறுவனமாகும். பிற பல்கலைக்கழக மாணவரும் விடுமுறையில் ஊர் திரும்புகையிற் செய்யத்தக்க பணி இது. ஆய்வுக் கட்டுரைகளிற் காலநிலையைக் கரைத்துக் குடித்த பட்டதாரி, கொட்பேயில் ஒரு படகின் டீசற் சிட்டையைப் படிக்கத் தெரியாதவராயின் அக்கல்வியின் பயன் கேள்விக்குரியது.

இரண்டாவது, எண்ணைத் தருமுன் நிபந்தனை பேசப்படல் வேண்டும். கேட்பவர் கணக்கெழுதும் செலவிற் பங்கேற்க வேண்டும். ஒரு முறை தந்த கணக்கைப் பல கொள்வனவாளரும் ஏற்க வேண்டும். குறைப்பைச் செய்தவருக்கு விலையிலோ நீண்டகால ஒப்பந்தத்திலோ பலன் கிட்ட வேண்டும். தனியாள் இவற்றைக் கேட்டால் கொள்வனவாளர் அடுத்த வழங்குநரிடம் போய்விடுவார். சங்கமாகக் கேட்டால் அவர் போகக்கூடிய இடம் குறைவு. துறைமுகம் இடம்பெயர்வதில்லை, கப்பல் இங்குதான் வந்தாகவேண்டும். இந்த எளிய புவியியல் உண்மையே இப்பிரதேசத்து வழங்குநரின் பலம்.

மூன்றாவது, எண்ணை இருபுறமும் வாசித்தல் வேண்டும். வழங்குநரின் அறிக்கையில் இரு நிரல்கள் இருத்தல் வேண்டும்: தம் ஆளுகைக்குட்பட்ட வெளியேற்றம் ஒன்று, கொள்வனவாளரின் கட்டளையாலும் பொது மின்தொகுதியாலும் விளைந்த வெளியேற்றம் மற்றொன்று. வெறுமையாகத் திரும்பிய பயணங்கள் எத்தனை, களஞ்சிய வாயிலிற் காத்துநின்ற மணித்தியாலங்கள் எத்தனை, அரைச் சுமையோடு அனுப்பப்பட்ட தடவைகள் எத்தனை என்பன இரண்டாம் நிரலில் எழுதப்படும்போது, கணக்குக் கேட்டவர் முதன்முறையாகத் தாமும் கணக்குக் கொடுக்க வேண்டியவராகின்றார். கொழும்பிலுள்ள கொள்முதல் அதிகாரி தம் கட்டளையை ஒரு நாள் முன்னதாக அனுப்பினால் எத்தனை லீற்றர் மிஞ்சும் என்பதைத் திருகோணமலை லொறிச் சொந்தக்காரர் எண்ணிற் காட்டுதல், எத்தனையோ மாநாட்டுத் தீர்மானங்களைவிடப் பயனுடையது.

இவையெல்லாம் பெருங் கம்பனிகளின் மனமாற்றத்தை நம்பி முன்வைக்கப்படுவன அல்ல. அவை தம் அறிக்கையை நிரப்புவதற்குச் சிறு வழங்குநரின் எண் தேவை. அந்த எண் இல்லாவிடின் மூன்றாம் வட்டம் ஊகங்களால் நிரம்பும். தேவை உள்ள இடத்திற் பேரத்துக்கும் இடமுண்டு. இதுகாறும் சிறு வழங்குநர் விற்றது ஐஸும் மீனும் விறகும் சுமைகூலியும் மட்டுமே. இன்று அவரிடம் விற்பதற்கு இன்னொன்றும் உண்டு. அது நம்பத்தகுந்த ஓர் எண். அதனை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் சுரண்டலென்று முறையிடுதல் அறிவுடைமையாகாது.

காலநிலை மாற்றம் எங்கோ நிகழ்வதன்று. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையில் 600 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. எந்தவொரு புயலையும் எவர் தலையிலும் தனியே சுமத்த முடியாது. ஆனால் வெப்பமுறும் கடலுக்கு அருகில் வாழ்பவர், வெப்பத்தின் கணக்கு தமக்கு வேண்டாவெனச் சொல்லவும் முடியாது. கொட்டியாரக் குடாவின் கரையில் வாழ்வோருக்கு இக்கணக்கிற் பிறரினும் அதிகமான அக்கறை இருத்தல் வேண்டும். அந்த அக்கறையே அவர்களுக்குக் கேட்கும் உரிமையையும் தருகின்றது.

ஒல்லாந்தனின் ஏட்டில் இத்துறைமுகம் ஒரு கோட்டை. ஆங்கிலேயனின் ஏட்டில் ஒரு நங்கூரத்தளம். பங்குதாரரின் ஏட்டில் 99 தாங்கிகள். புதிய ஏட்டில் அது சில தொன் காபனாக மட்டும் பதியப்படுமாயின் பழைய கதையே தொடரும். அவ்வேட்டின் முதற் பக்கத்தைத் துறைமுகத்தில் உழைப்போர் தம் கையால், தம் மொழியில், தம் நிபந்தனையுடன் எழுதத் தொடங்குவார்களாயின், கணக்குக் கேட்கப்பட்டவரே கணக்குக் கேட்பவராகும் நாள் வெகுதொலைவில் இல்லை.